எஸ்கியூஎல் ஆட்டோகம்ப்ளீட்: எந்த எடிட்டரை நம்பி டேப் தட்டுவது?

டேட்டாபேஸிடம் குவெரி (கேள்வி) கேட்கும் மொழி எஸ்கியூஎல். அதை எழுதும் எந்த எடிட்டராக இருந்தாலும் சரி, அதன் ஆட்டோகம்ப்ளீட், அதாவது நாம் அடிக்க அடிக்க மீதிப் பெயரைப் பரிந்துரைக்கும் வசதி, எப்படிப்பட்டது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். புது எடிட்டர் ஜன்னல் திறந்து, செலக்ட் என்று அடித்து, ஸ்பேஸ் விட்டு, கன்ட்ரோல் ஸ்பேஸ் தட்டுங்கள். சில எடிட்டர்கள் ஒன்றும் சொல்லாமல் முழிக்கும். சில, தங்களுக்குத் தெரிந்த ஃபங்ஷன் பெயரையெல்லாம் ஏபிஎஸ்ஸில் ஆரம்பித்து அகரவரிசையில் கொட்டும். இன்னும் சில, உங்களுக்கு எந்த டேபிள் வேண்டும் என்று தெரியாமலே எல்லா டேபிளின் எல்லா நெடுவரிசையையும் தூக்கி எதிரே போடும். (பேச்சில் எல்லோரும் 'காலம்' என்றுதான் சொல்கிறோம், எழுதினால் நேரத்தைச் சொல்வது போலாகிவிடுகிறது, அதனால் இங்கே முழுக்க நெடுவரிசை.)

இதற்கு எடிட்டரை மட்டும் குறை சொல்ல முடியாது, மொழியின் அமைப்பே அப்படி. 1974-இல் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் இதை சீக்வெல் என்ற பெயரில் முன்வைத்தபோது, ஆங்கில வாக்கியம் மாதிரி வாசிக்கவேண்டும் என்று நினைத்தார்கள், அதனால் 'என்ன வேண்டும்' முதலிலும் 'எங்கிருந்து' பிறகும் வந்தது. தமிழில் யோசித்திருந்தால் இந்தச் சிக்கலே இருந்திருக்காது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்: 'ஆர்டர்ஸிலிருந்து தேதியை எடு' என்றுதானே நாம் சொல்வோம், எங்கிருந்து என்பது தானாகவே முன்னால் வந்து நிற்கும். மைக்ரோசாப்ட் 2007-இல் சி ஷார்ப்புக்குள் லிங்க்கை (LINQ, நிரலுக்குள்ளேயே குவெரி எழுதும் வசதி) கொண்டுவந்தபோது, 'எங்கிருந்து' என்பதைச் சொல்லும் ஃப்ரம்மைத் தூக்கி முன்னால் வைத்தது, அதற்கு எடிட்டர் பரிந்துரையும் ஒரு முக்கியக் காரணம். டக்டிபி என்ற டேட்டாபேஸில் ஃப்ரம்மை முதலில் எழுதலாம். கூகிளின் பிக்குவெரியும் 2024-இல் பைப் சின்டாக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, அதிலும் டேபிள்தான் முதலில். மற்ற பெரும்பாலான இடங்களில் பழைய வரிசைதான், அதனால் செலக்ட் நட்சத்திரம் ஃப்ரம் (நட்சத்திரம் என்றால் எல்லா நெடுவரிசையும்) என்று டேபிளை முதலில் எழுதிவிட்டு, பிறகு கர்சரைப் பின்னால் கொண்டுபோய் நட்சத்திரத்தை அழித்து நெடுவரிசைகளைச் சேர்ப்பது பலருக்கும் கைப்பழக்கமாகிவிட்டது.

சரி, ஒப்பீட்டுக்கு வருகிறேன். பொதுவாக இந்த மாதிரி ஒப்பீடுகளில் வசதிகளை வரிசையாக எழுதி டிக் போடுவார்கள். அது இங்கே உதவாது, ஏனென்றால் எல்லாக் கருவியும் 'ஆட்டோகம்ப்ளீட் உண்டு' என்றுதான் சொல்லும். கேட்கவேண்டியது வேறு: பரிந்துரைக்கும் பெயர் அதற்கு எங்கிருந்து கிடைக்கிறது, அந்தத் தகவல் எவ்வளவு பழையது, நான் பாதி எழுதி உடைந்து கிடக்கும் குவெரியைப் பார்த்து அதற்கு ஏதாவது புரிகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எதை வைத்துக்கொள்வது என்பது கிட்டத்தட்ட முடிவாகிவிடும்.

கறுப்புத் திரையை முதலில் பார்ப்போம்

டெர்மினலில் வேலை செய்பவர்களுக்கு ஆட்டோகம்ப்ளீட் இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். மைஎஸ்கியூஎல்லின் சொந்த கிளையன்ட்டில் ஒரு டேட்டாபேஸுக்குள் நுழைந்ததும், டேபிள், நெடுவரிசைப் பெயர்களை நிரப்புவதற்காகத் தகவலைப் படித்துக்கொண்டிருக்கிறேன், சீக்கிரம் திறக்கவேண்டுமென்றால் பெரிய ஏ ஆப்ஷனைப் போடு என்று ஒரு செய்தி வருமே, பல வருடமாகப் பார்த்தும் பலர் படிக்காமல் கடந்துபோகும் அந்தச் செய்திதான் ஆட்டோகம்ப்ளீட். டேப் தட்டினால் வேலை செய்யும், ஆனால் அதற்கு இடம் பொருள் ஏவல் எதுவும் தெரியாது. நிபந்தனை சொல்லும் வேருக்கு (WHERE) பின்னால் நின்றாலும் ஃப்ரம்முக்குப் பின்னால் நின்றாலும் ஒரே பெயர்ப் பட்டியல்தான், எழுத்து பொருந்தினால் காட்டும். ஆயிரக்கணக்கில் டேபிள் இருக்கும் இடத்தில் அந்த ஆரம்பப் படிப்பே எரிச்சலாகி, பெரிய ஏ போட்டு அணைத்துவிடுவதுதான் வழக்கம்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டெர்மினல் கருவியான பிஎஸ்கியூஎல் இதைவிடக் கொஞ்சம் விவரமானது, ஆனால் அதன் விவரம் ஒரு வேடிக்கையான இடத்தில் முடிந்துவிடும். கர்சருக்கு முன்னால் இருக்கும் சில சொற்களைப் பார்த்து, இந்த மாதிரி வந்தால் இதைக் காட்டு என்று எழுதிவைத்த நீளமான விதிப் பட்டியல்தான் அது. வேர் என்று அடித்து டேப் தட்டினால், வேருக்கு நேர் முன்னால் இருக்கும் சொல்லை டேபிள் பெயர் என்று எடுத்துக்கொண்டு அதன் நெடுவரிசைகளைக் காட்டும். அதே டேபிளுக்கு ஒற்றை எழுத்தில் அலியாஸ் (குவெரிக்குள் மட்டும் செல்லும் சுருக்கப் பெயர்) கொடுத்துவிட்டால் தீர்ந்தது, அந்த எழுத்துப் பெயரில் டேபிள் எதுவும் இல்லையே என்று அமைதியாகிவிடும். ஆல்டர் டேபிள், கிராண்ட், க்ரியேட் இண்டெக்ஸ் போன்ற நிர்வாகக் கட்டளைகளுக்கு இந்த டேப் பிரமாதமாகப் பயன்படும், உண்மையில் அதற்குத்தான் அது நன்றாக இருக்கிறது. ஐந்து ஜாயின் (டேபிள்களை ஒன்றோடொன்று இணைப்பது) போட்ட அறிக்கைக் குவெரிக்கு அதை நம்பி உட்காரக்கூடாது.

அந்த இடத்தில்தான் பிஜிசிஎல்ஐ வருகிறது. பைத்தானில் எழுதிய இலவசக் கருவி, நான் தயங்காமல் சொல்கிறேன், இந்த ஒப்பீட்டிலேயே கொடுக்கும் விலைக்கு (அதாவது ஒன்றும் இல்லை) மிக அதிகமாகத் திருப்பித் தருவது இதுதான். எழுதிக்கொண்டிருக்கும் குவெரியை அலசி, ஃப்ரம்மில் எந்த டேபிள், அதற்கு என்ன அலியாஸ் என்று கண்டுபிடித்து, அதற்கேற்ப நெடுவரிசை காட்டும். ஜாயின் என்று அடித்தால் ஃபாரின் கீ (ஒரு டேபிளை இன்னொன்றோடு கட்டும் நெடுவரிசை) இருக்கும் டேபிள்களை, எது எதோடு பொருந்தவேண்டும் என்று சொல்லும் ஆன் நிபந்தனையோடு சேர்த்தே பரிந்துரைக்கும். அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் அலியாஸையும் தானே போட்டுக்கொள்ளும். நீங்கள் அதிலேயே புது டேபிள் உருவாக்கினால் பின்னணியில் பட்டியலைத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். இந்தப் புத்திசாலித்தனம் வேண்டாமென்றால் எஃப்2 தட்டினால் போதும், வெறும் பெயர் பொருத்தமாக மாறிவிடும். மைஎஸ்கியூஎல்லுக்கு மைசிஎல்ஐ என்று இதன் உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது. இன்னொன்று, போஸ்ட்கிரெஸ்ஸுக்கான ஜன்னல் கருவியான பிஜிஅட்மின் 4-இல் கன்ட்ரோல் ஸ்பேஸ் தட்டும்போது வரும் பரிந்துரையின் உள்வேலையும் பிஜிசிஎல்ஐயிலிருந்து எடுத்துக்கொண்டதுதான், அதனால் ஜன்னல் வேண்டும் என்பதற்காக மட்டும் பிஜிஅட்மினுக்குப் போகிறவர்கள் பரிந்துரை விஷயத்தில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்கவேண்டாம்.

எஸ்கியூஎல் சர்வர்காரர்களின் கதை

எஸ்கியூஎல் சர்வரோடு வேலை செய்ய மைக்ரோசாப்ட் தரும் எஸ்எஸ்எம்எஸ் (SSMS) கருவியில், இன்டெலிசென்ஸ் என்ற ஆட்டோகம்ப்ளீட் 2008 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன்னால் எழுதியவர்கள் டேபிள் பெயரை ஆப்ஜெக்ட் எக்ஸ்புளோரரிலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போதும் இழுப்பவர்கள் உண்டு, அதில் தவறில்லை.

உள்ளேயே வரும் இந்த இன்டெலிசென்ஸ் அடிப்படை வேலையை ஒழுங்காகச் செய்யும்: டேபிள், நெடுவரிசை, ப்ரொசீஜரின் பாராமீட்டர், தவறான பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. அதன் இரண்டு குணங்களைத் தெரிந்துகொள்ளாமல் எரிச்சல்படுபவர்கள்தான் அதிகம். முதலாவது கேஷ், அதாவது சர்வரிலிருந்து முன்பே வாங்கி உள்ளூரில் வைத்துக்கொண்ட பெயர்ப் பட்டியல். டேபிளை இப்போதுதான் உருவாக்கினீர்கள், குவெரி ஓடுகிறது, விடையும் வருகிறது, ஆனால் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு போகமாட்டேன் என்கிறது. கன்ட்ரோல் ஷிஃப்ட் ஆர் தட்டினால் உள்ளூர் கேஷ் புதுப்பிக்கப்பட்டுக் கோடு போய்விடும், இந்த ஒரு ஷார்ட்கட்டைச் சொல்லிக்கொடுத்தே நான் பலரிடம் நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். இரண்டாவது, கர்சருக்கு மேலே எங்கேயாவது பாதி எழுதிவிட்ட குவெரியோ பிழையோ கிடந்தால், கீழே எழுதும் குவெரிக்குப் பரிந்துரை வராமல் போகலாம். நாம் எல்லோரும் ஒரே ஃபைலில் நாற்பது துண்டுக் குவெரியைக் குப்பையாகச் சேர்த்து வைத்து, வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டும் ஆட்கள், அந்தப் பழக்கத்துக்கும் இதற்கும் ஒத்துவராது. ஒன்று ஃபைலைச் சுத்தமாக வையுங்கள், இல்லையென்றால் புது ஜன்னலில் எழுதுங்கள்.

இதற்கு மேல் வேண்டுமென்றால் பணம் கட்டி வாங்கும் ஆட்-இன்கள். ரெட்கேட்டின் எஸ்கியூஎல் ப்ராம்ப்ட், டெவார்ட்டின் டிபிஃபோர்ஜ் எஸ்கியூஎல் கம்ப்ளீட் இரண்டும் தெரிந்த பெயர்கள். எஸ்எஸ்எம்எஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்து, ஜாயின் எழுதும்போது ஆன் நிபந்தனையை முழுசாக எழுதிக்கொடுக்கும், நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் டேப் தட்டினால் எல்லா நெடுவரிசையாகவும் விரித்துக்கொடுக்கும். எஸ்கியூஎல் ப்ராம்ப்ட்டில் எஸ்எஸ்எஃப் என்று மூன்று எழுத்து அடித்து டேப் தட்டினால் செலக்ட் நட்சத்திரம் ஃப்ரம் வந்துவிடும், அதற்குப் பழகியவர்கள் வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் அனிச்சையாக எஸ்எஸ்எஃப் அடித்துவிட்டு முழிப்பார்கள். வேர் இல்லாத அப்டேட்டையும் டெலீட்டையும் ஓட்டப்போகும்போது நிறுத்திக் கேட்பதும் உண்டு. நாள் முழுக்க எஸ்கியூஎல் சர்வர் மட்டுமே, அதுவும் அலுவலகம் பணம் கட்டும் என்றால், யோசிக்கவே வேண்டாம், வாங்கிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு குவெரி எழுதுபவருக்கு கன்ட்ரோல் ஷிஃப்ட் ஆர் போதும்.

மைக்ரோசாப்ட்டின் இன்னொரு எடிட்டரான அசூர் டேட்டா ஸ்டுடியோவைப் புதிதாகக் கற்கலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம். 2026 பிப்ரவரி 28-உடன் அதற்கான ஆதரவு முடியும் என்று மைக்ரோசாப்ட் 2025-இலேயே அறிவித்து, விஎஸ் கோடுக்குப் போகச் சொல்லிவிட்டது. விஎஸ் கோடின் எம்எஸ்எஸ்கியூஎல் எக்ஸ்டென்ஷனுக்கு அடியில் ஓடுவதும் அதே சேவைதான் என்பதால், பரிந்துரை விஷயத்தில் பெரிய இழப்பு எதுவும் தெரியாது.

டிபீவரா, டேட்டாகிரிப்பா

பல டேட்டாபேஸில் வேலை செய்பவர்களுக்கு உண்மையான கேள்வி இதுதான். இரண்டையும் நான் வருடக்கணக்கில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன், இரண்டின்மீதும் பிரியம் உண்டு, கோபமும் உண்டு.

அடிப்படை வித்தியாசம், தகவலை எங்கே வைத்துக்கொள்கின்றன என்பதில் இருக்கிறது. டிபீவர் தேவைப்படும்போது சர்வரிடம் போய்க் கேட்கும். ஒரு ஸ்கீமாவை (டேபிள்களின் தொகுப்பை) முதல்முறை தொடும்போது அதன் டேபிள் பட்டியலை வாங்கிவரும், நெடுவரிசை வேண்டியபோது அதை வாங்கிவரும். இணைப்பு வேகமாக இருந்தால் இது தெரியவே தெரியாது. விபிஎன் வழியாகத் தூரத்துச் சர்வரில் உட்கார்ந்திருக்கும்போது, புள்ளி வைத்துவிட்டுப் பட்டியலுக்காகக் காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று விநாடியில் நீங்களே பெயரை அடித்து முடித்திருப்பீர்கள். இணைப்பே இல்லையென்றால் டேபிள் பெயர் எதுவும் வராது.

டேட்டாகிரிப் அப்படி இல்லை. இணைந்ததும் ஸ்கீமா முழுவதையும் படித்து, உள்ளூரிலேயே ஒரு மாதிரி கட்டி வைத்துக்கொள்கிறது, இன்ட்ரோஸ்பெக்ஷன் என்று அதற்குப் பெயர். அதற்கப்புறம் சர்வர் தூரத்தில் இருந்தால் என்ன, இணைப்பே அறுந்தால் என்ன, பரிந்துரை சளைக்காமல் வரும். குவெரியை முழுசாக அலசுவதால் வித் என்று எழுதும் சிடிஇக்குள் (குவெரியின் தொடக்கத்தில் பெயர் கொடுத்து வைக்கும் தற்காலிக விடை) நீங்களே பெயர் வைத்த நெடுவரிசை, சப்குவெரியின் அலியாஸ், எல்லாம் அதற்குத் தெரியும். ஜாயின் என்று அடித்தால் ஃபாரின் கீயைப் பார்த்து ஆன் நிபந்தனையோடு கொடுக்கும். ஃபாரின் கீயே வைக்காத பழைய டேட்டாபேஸ்களுக்கு, நாமே எடிட்டருக்கு மட்டும் இது இதோடு சேரும் என்று சொல்லி வைக்கலாம் (டிபீவரிலும் இது உண்டு, பலருக்குத் தெரியாது). இதற்கெல்லாம் கூலி, ஆரம்பத்தில் படிக்கும் நேரமும் மெமரியும். பெரிய ஆரக்கிள் டேட்டாபேஸில் முதல் நாள் அது படித்து முடிக்கும்வரை பொறுமை வேண்டும்.

டேட்டாகிரிப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் விழும் குழி ஒன்று: இணைப்பு சரி, குவெரி ஓடுகிறது, ஆனால் டேபிள் பெயரெல்லாம் தெரியாத பெயர் என்று காட்டுகிறது. காரணம், ஆரம்பத்தில் அது இயல்பான ஸ்கீமாவை மட்டும்தான் படித்திருக்கும். டேட்டாபேஸ் பெயருக்குப் பக்கத்தில் இத்தனையில் ஒன்று என்று சின்னதாக ஓர் எண் தெரியும், அதைச் சொடுக்கி மற்ற ஸ்கீமாக்களையும் டிக் செய்யவேண்டும். அதேபோல ஃபைலின் டயலெக்ட்டை, அதாவது எந்த டேட்டாபேஸின் எஸ்கியூஎல் என்பதை, சரியாகக் குறிக்காவிட்டால் போஸ்ட்கிரெஸ் குவெரியைப் பொது எஸ்கியூஎல்லாக நினைத்துக்கொண்டு நல்ல வரியிலும் கோடு போடும். இந்த இரண்டையும் சரிசெய்யாமலே 'சரியில்லை' என்று நீக்கிவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

டிபீவர் பக்கம் நியாயமாகச் சொல்லவேண்டியது: கம்யூனிட்டி பதிப்பு இலவசம், அலுவலக வேலைக்கும் பயன்படுத்தலாம். டேட்டாகிரிப் 2025 அக்டோபரிலிருந்து வணிக நோக்கம் இல்லாத பயன்பாட்டுக்கு இலவசம், சம்பள வேலைக்கு உரிமம் வாங்கவேண்டும். ஜேடிபிசி டிரைவர் (டேட்டாபேஸோடு இணைத்துக்கொடுக்கும் மென்பொருள்) இருந்தால் போதும், யாரும் கேள்விப்படாத டேட்டாபேஸையும் டிபீவரில் இணைத்துவிடலாம், பரிந்துரையும் ஓரளவு வந்துவிடும். சமீப வருடங்களில் அவர்களும் குவெரியின் பொருளை அலசும் புது இன்ஜினைக் கொண்டுவந்து பழையதோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள், சிடிஇ விஷயத்தில் முன்பைவிட எவ்வளவோ தேவலை. அமைப்புகளுக்குள் போய்க் கொஞ்ச நேரம் செலவழிக்கவும் வேண்டும்: அலியாஸைத் தானே போடவேண்டுமா, எல்லா ஸ்கீமாவிலும் தேடவேண்டுமா, பெயரின் நடுவிலும் பொருத்தம் பார்க்கவேண்டுமா, கீவேர்டு பெரிய எழுத்தா சின்ன எழுத்தா. எல்லா ஸ்கீமாவிலும் தேடு என்பதை டிக் செய்துவிட்டு அப்புறம் மெதுவாக இருக்கிறது என்று புலம்பக்கூடாது, அவ்வளவுதான்.

என் தீர்ப்பு: சேமித்த ஃபைல்களில் பெரிய குவெரிகளை எழுதித் திருத்திக்கொண்டே இருப்பவருக்கு டேட்டாகிரிப். டேட்டாவைப் பார்ப்பது அதிகம், எழுதுவது குறைவு என்பவருக்கு டிபீவர். வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது உங்கள் சர்வரின் தூரத்தைப் பொறுத்து தலைகீழாகிவிடும்.

ஒரு புள்ளியின் விலை

எந்தக் கருவியை எடுத்தாலும் இந்த ஒரு விஷயத்துக்காகவாவது, அலியாஸ் போட்டு, புள்ளி வைத்து, பட்டியலிலிருந்து நெடுவரிசையை எடுக்கும் பழக்கம் வேண்டும். ஓர் உதாரணம். ஆர்டர்ஸ் டேபிளில் கஸ்டமர் ஐடி என்ற நெடுவரிசை இருக்கிறது. நீக்கவேண்டியவர்களின் பட்டியலை இன்னொரு டேபிளில் வைத்திருக்கிறீர்கள், அதில் நெடுவரிசையின் பெயர் வெறும் ஐடி. ஆர்டர்ஸிலிருந்து நீக்கு, எதில் கஸ்டமர் ஐடி, அந்தப் பட்டியலிலிருந்து செலக்ட் செய்த கஸ்டமர் ஐடிக்குள் இருக்கிறதோ அதை, என்று எழுதுகிறீர்கள். உள்ளே இருக்கும் டேபிளில் அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை, எனவே பிழை வரும் என்றுதானே நினைப்பீர்கள்? வராது. உள்ளே கிடைக்கவில்லையென்றால் வெளியே தேடு என்பது எஸ்கியூஎல்லின் விதி, வெளியே ஆர்டர்ஸில் அந்தப் பெயர் இருக்கிறது, எனவே ஒவ்வொரு வரியும் தன்னோடு தானே பொருந்தும். பட்டியலில் ஒரே ஒரு வரி இருந்தாலும் போதும், கஸ்டமர் ஐடி வெற்றாக (NULL) இல்லாத அத்தனை ஆர்டரும் காலி. வேர் இருப்பதால் வேர் இல்லையே என்ற எச்சரிக்கையும் வராது.

இங்கேதான் பரிந்துரையின் தரம் தெரியும். வெறும் சொல் பொருத்தம் பார்க்கும் எடிட்டர், ஃபைலில் மேலே அந்தச் சொல் இருக்கிறது என்று சந்தோஷமாக நிரப்பிக்கொடுக்கும். குவெரியை அலசும் எடிட்டரில் உள் டேபிளின் அலியாஸை அடித்துப் புள்ளி வைத்தால், பட்டியலில் ஐடி மட்டும்தான் வரும், கஸ்டமர் ஐடி வராது. வராத பெயர்தான் அங்கே உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. ஆட்டோகம்ப்ளீட் என்றால் விரல் வலி குறைக்கும் வசதி என்று நினைத்துக்கொண்டிருந்த நான், இப்படி ஒரு குவெரியை டெஸ்ட் டேட்டாபேஸில் ஓட்டிவிட்டு எண்ணிக்கையைப் பார்த்துத் திகைத்த நாளிலிருந்து அதை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன்.

இதையொட்டி இன்னொரு சின்னத் தொல்லை, பரிந்துரையை ஏற்கும் கீ. அலியாஸாக ஓ என்ற ஒற்றை எழுத்தை அடித்து அடுத்த வரிக்குப் போக என்டர் தட்டினால், அந்த நொடியில் பட்டியல் திறந்திருந்து அதில் முதலில் ஆன் என்றோ ஆர்டர் பை என்றோ நிற்கும், அது உள்ளே வந்து விழும். இதற்கு எல்லா எடிட்டரும் கொஞ்சம் கொஞ்சம் குற்றவாளி. முடிந்த இடத்திலெல்லாம் என்டரால் ஏற்பதை அணைத்து, டேப் மட்டும் என்று வையுங்கள். ஸ்பேஸ், காற்புள்ளி தட்டினால் ஏற்கும் அமைப்பு எதிலாவது இருந்தால் முதல் வேலையாக அதை அணையுங்கள்.

அடுத்து மேற்கோள் குறி. போஸ்ட்கிரெஸ் மேற்கோள் இல்லாத பெயரைச் சிறிய எழுத்தாக்கும், ஆரக்கிள் பெரிய எழுத்தாக்கும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்து டேபிளுக்குப் பெயர் வைத்த புண்ணியவான் உங்கள் டீமில் இருந்தால், இரட்டை மேற்கோளைத் தானே போடும் எடிட்டர்தான் உங்களைக் காப்பாற்றும். வேறு சில எடிட்டர்கள் தேவையில்லாத இடத்திலும் போட்டு அலங்கரிக்கும்.

ஏஐ எழுதிக்கொடுக்கட்டுமே என்றால்

கோபைலட் மாதிரியான மொழி மாடல்கள் சாம்பல் நிறத்தில் முழு வரியையும் எழுதிக் காட்டும்போது, பெயர்ப் பட்டியலெல்லாம் பழங்காலமாகத் தெரியும். சில வேலைக்கு அது அபாரம்தான். பத்து கிளை வைத்த கேஸ் வென், விண்டோ ஃபங்ஷனின் பார்ட்டிஷன் பை, கமெண்ட்டில் தேவையை எழுதி அதிலிருந்து ஒரு முதல் வடிவம், இதிலெல்லாம் எந்த அகராதி வகைப் பரிந்துரையும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. வெறும் செலக்ட் மட்டும் அடித்த நிலையிலும் ஊகித்து ஏதாவது சொல்வது அது ஒன்றுதான்.

ஆனால் அது சொல்வது இருக்கிற பெயரா, இருந்தால் நன்றாக இருக்குமே என்ற பெயரா என்பது வேறு. ஸ்கீமாவை அதன் கையில் கொடுக்காவிட்டால், கஸ்டமர்ஸ் டேபிள் என்றால் கஸ்டமர் நேம் இருக்கத்தானே செய்யும் என்று அதுவே வைத்துக்கொள்ளும். அதுகூடப் பரவாயில்லை, ஓட்டினால் பிழை வந்துவிடும். டேட்டாபேஸ்களைக் கலப்பது அதைவிடத் தொல்லை: டேட்டிஃப் என்று ஒரே பெயர், மைஎஸ்கியூஎல்லில் இரண்டு மதிப்பு கொடுத்தால் முதலாவதிலிருந்து இரண்டாவது கழியும், எஸ்கியூஎல் சர்வரில் முதலில் அலகைச் சொல்லி, பிறகு தொடக்கம், பிறகு முடிவு, அங்கே பின்னதிலிருந்து முன்னது கழியும், போஸ்ட்கிரெஸ்ஸில் அப்படி ஒரு ஃபங்ஷனே கிடையாது. மூன்றையும் படித்து வளர்ந்த மாடல் எந்த நேரத்தில் எதை எடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும்விட மோசம், பிழையே வராமல் ஓடிவிடும் தவறான ஜாயின். ஒரு நிபந்தனை குறைந்து வரிகள் இரட்டித்து, கூட்டுத்தொகை பெருத்து, அறிக்கை அழகாக வெளியே போய்விடும். ஃபாரின் கீயைப் பார்த்து எழுதும் எடிட்டர், இரண்டு நெடுவரிசை சேர்ந்த கீ என்றால் இரண்டையும் எழுதும். மாடல் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம், இரண்டும் பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும்.

ஸ்கீமாவைக் கையில் கொடுத்தால் நிறைய சரியாகிவிடும், இன்று பல எடிட்டர்கள் அதைச் செய்கின்றன. அப்போது வேறொரு கேள்வி: டேபிள் பெயரும் நெடுவரிசைப் பெயரும் உங்கள் கம்ப்யூட்டரைவிட்டு வெளியே போகலாமா? மருத்துவம், வங்கி மாதிரி இடங்களில் பெயர்களே பல விஷயத்தைச் சொல்லிவிடும். இதை முடிவு செய்யவேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் நிறுவனத்தில் அதற்கென்று ஒருவர் இருப்பார், ஆன் செய்வதற்கு முன்னால் அவரிடம் கேட்டுவிடுங்கள். வெளியே அனுப்பக்கூடாது என்றால் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓடும் சின்ன மாடல்களை இணைக்க வழி இருக்கிறது, ஆனால் சின்ன மாடல் என்பதால் மேலே சொன்ன வியாதிகள் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

அதனால் இதை நான் ஒரு தனி விருப்பத்தேர்வாகவே வைப்பதில்லை. கேட்டலாகை, அதாவது டேட்டாபேஸிலேயே இருக்கும் பெயர்ப் பட்டியலை, படித்துப் பேசும் எடிட்டர் ஒன்று அடியில் இருக்கட்டும், மாடல் அதற்கு மேல் உட்காரட்டும். மாடல் எழுதிய வரியில் எடிட்டர் கோடு போட்டால் எடிட்டரை நம்புங்கள், அதற்கு முன்னால் கேஷைப் புதுப்பித்துவிட்டு.

எதை எடுப்பது

முடிவு செய்வதற்கு முன்னால், உங்கள் சொந்த டேட்டாபேஸில், டெமோவில் வரும் பத்து டேபிள் மாதிரியில் இல்லை, உங்களுடைய அசிங்கமான பழைய ஸ்கீமாவில், அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு சிடிஇ எழுதி அதன் நெடுவரிசை வெளியே வருகிறதா பாருங்கள். ஒரே டேபிளை இரண்டு அலியாஸில் ஜாயின் செய்து இரண்டையும் குழப்பாமல் வைத்திருக்கிறதா பாருங்கள். வேறு ஜன்னலிலிருந்து ஒரு நெடுவரிசையைச் சேர்த்துவிட்டு, எடிட்டருக்கு அது தெரிய என்ன செய்யவேண்டியிருக்கிறது என்று பாருங்கள், தானாக வந்தால் அதிர்ஷ்டம், ஒரு கீ போதுமென்றால் நல்லது, மூடித் திறக்கவேண்டும் என்றால் வேண்டாம். குவெரியின் நடுவில் ஓர் அடைப்பை மூடாமல் விட்டு அதற்குக் கீழே எழுதிப் பாருங்கள். இந்த நான்கில் மூன்றைத் தாண்டினால் மீதி எல்லாம் பழக்கத்தில் சரியாகிவிடும்.

போஸ்ட்கிரெஸ் மட்டும், சர்வருக்குள் எஸ்எஸ்எச் போட்டு வேலை செய்பவர் என்றால் பிஜிசிஎல்ஐயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எஸ்கியூஎல் சர்வர் மட்டும் என்றால் எஸ்எஸ்எம்எஸ், எழுதுவது அதிகமென்றால் கூடவே ஓர் ஆட்-இன். மூன்று நான்கு வகை டேட்டாபேஸ், கையில் காசு இல்லை என்றால் டிபீவர். எழுதுவதே தொழில், உரிமத்துக்கு யாரோ பணம் கட்டுகிறார்கள் என்றால் டேட்டாகிரிப். ஆரக்கிள் மட்டுமே பார்ப்பவர்கள் தங்கள் எடிட்டர்களான டோடையோ (Toad) எஸ்கியூஎல் டெவலப்பரையோ விட்டு வரமாட்டார்கள், அவர்களிடம் வாதாடிப் பயனில்லை.

என்னிடம் இப்போது இருப்பது டேட்டாகிரிப், பக்கத்தில் டெர்மினலில் பிஜிசிஎல்ஐ. ஏஐ பரிந்துரை அணைத்தே இருக்கிறது, வேண்டும்போது மட்டும் கீ தட்டி வரவழைக்கிறேன். டெலீட் என்று ஆரம்பிக்கும் வரியில் அதையும் வரவழைப்பதில்லை.